ஜிபி படிவத்தில் இனம் கேட்கிறார்கள், நிரப்பலாமா?

தங்கச்சி, லண்டன் வந்ததும் ஜிபியில், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதியப் போனீர்கள், படிவத்தில் இனம் என்ன என்று கேட்டிருக்கிறது, வீட்டுக்காரர் 'சொல்ல விரும்பவில்லை' என்பதை டிக் பண்ணிவிடலாம் என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நிரப்புங்கள். விசாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது விசா கொடுத்தவர்களுக்குத் தெரியாதா என்ன! ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள், கிடைக்க வேண்டியதை முழுசாக வாங்குங்கள்.

இப்படி ஒரு கேள்வியைப் பார்த்தால் நமக்கு உள்ளுக்குள் ஒரு உதறல் வரும், புரிகிறது. ஆனால் இங்கே அதற்கு வேலை வேறு. பொதுவாக பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 25-ஐத் தாண்டினால்தான் எடை கூடுதல் என்பார்கள். தெற்காசியர்களுக்கு 23-லேயே உஷாராக வேண்டும், 27.5 வந்தாலே பருமன் என்று இங்கே சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது, ஏனென்றால் ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து வெள்ளைக்காரர்களுக்கு முன்னாலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் க்யூரிஸ்க் கருவியிலும் இனம் ஒரு காரணி. அதைக் காலியாக விட்டால் உங்களை வெள்ளையர் கணக்கில்தான் சேர்க்கும்!

என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் பிடிபட்டது. தொப்பை கிடையாது, பிஎம்ஐ 24. பிரஷர் பார்க்கப் போனவரிடம் நர்ஸ் திரையில் இருந்த இனப் பதிவைப் பார்த்துவிட்டு, ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையும் எடுத்துவிடலாமே என்றார். 44 வந்தது. 42 முதல் 47 வரை என்றால் சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வரப் பார்க்கிறது. தடுப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், பைசா செலவில்லை. அங்கே ஓட்ஸ், ரொட்டி என்றே பேசிக்கொண்டிருந்தார்களாம், இவர் இட்லிக் கணக்கைக் கேட்டதும் வகுப்பு எடுத்தவர் இட்லி என்றால் என்ன என்று ஃபோனில் தேடிப் பார்த்திருக்கிறார். அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு 33 வயது, அவர் அப்பாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கத்து அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் உடல் பரிசோதனைக்கான அழைப்பு 40 வயதிலிருந்துதான் வரும். ஆனால் தெற்காசியர்களுக்கு 25 வயதிலிருந்தே சர்க்கரை அபாயத்தை மதிப்பிடலாம் என்று நைஸ் சொல்லியிருக்கிறது. அதற்கென்று கடிதம் வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், பதிவு முடிந்ததும் நீங்களாகக் கேளுங்கள்.

ஏற்றத்தாழ்வைக் குறைப்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று 2012 சுகாதாரச் சட்டம் என்ஹெச்எஸ் மீது கடமையே சுமத்தியிருக்கிறது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரசவத்தை ஒட்டி இறக்கும் கறுப்பினத் தாய்மார்களின் விகிதம் வெள்ளைத் தாய்மார்களுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மருத்துவப் பதிவில் இனம் இருந்ததால்தான் அதுவே வெளியே வந்தது. 2020-இல் கொரோனாவில் நம் ஆட்கள் கொத்துக்கொத்தாகப் போனபோது இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் இனமே கிடையாது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இணைத்துப் பார்த்துத்தான் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு அந்தக் கணக்கெடுப்பில் தனிக் கட்டமே இல்லை, மற்ற ஆசியர் என்பதில்தான் போய் விழுகிறார்கள். பக்கத்தில் எழுத இடம் விட்டிருந்தால் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதுங்கள் என்று எங்கள் தெரு யாழ்ப்பாணத்து அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் மாமியார் வரப்போவதாகச் சொன்னீர்கள். ஜிபியைப் பார்க்க அவருக்கும் காசு கிடையாது, ஆனால் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பில் தீட்டிவிடுவார்கள், பயணக் காப்பீடு எடுத்துவிட்டே ஏறச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம், அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நீங்களே பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், மருமகள் பக்கத்தில் இருந்தால் மாமியார் பாதி நோயை மறைத்துவிடுவார்.