மூன்று வருடம் என்றால் எத்தனை மாதம்?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சிக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் இன்னும் தேறவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில், சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களின் நிழல் மரங்கள் பற்றிய திட்டத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட், அதாவது திட்டம் முடியும்வரை ஆய்வுக்கு உதவும், வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 30,000 ரூபாய், வாடகைப் படி தனி. மூன்று வருடத் திட்டம் என்கிறார்கள். அப்பா தறி நெய்கிறவர். 'இது வேலையா, படிப்பா?' என்று கேட்கிறார். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் 14,000 ரூபாய்க்கு ஆசிரியர் வேலையும் இருக்கிறது. எதில் சேர?

க.,
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள க.,

அப்பாவின் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அவர் தறிக்காரர், இன்னும் நல்ல கேள்வி ஒன்று அவரிடமே இருக்கும். வேறொருவர் பாதி நெய்துவிட்டுப் போன தறியில் உட்காரச் சொன்னால், முதலில் என்ன கேட்பார்? 'பாவு, தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், இன்னும் எவ்வளவு மிச்சம்?' அதைத்தான் நீங்களும் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. நானும் இப்படி ஒரு திட்டத்தில் இருந்தவன்தான், எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். மூன்று வருடம் என்று நம்பிச் சேர்ந்தேன். நிதி ஒதுக்கி 14 மாதம் ஓடியிருந்தது. கருவி வாங்கியதில் பாதி, எனக்கு முன்னால் இருந்தவர் வங்கி வேலைக்குப் போய்விட்டதில் மீதி. ஆக, எனக்கு மிஞ்சியது 22 மாதம். திட்டத்துக்கு நாள் குறிப்பது நிதி ஒதுக்கிய தேதி. நாம் என்றைக்குச் சேர்ந்தோம் என்பது கணக்கிலேயே வராது.

அப்புறம் பணம். இது வருடத் தவணையாக வரும். முந்தைய வருடச் செலவுக் கணக்கும் பணம் திட்டத்துக்கே செலவானது என்னும் பயன்பாட்டுச் சான்றிதழும் போனால்தான் அடுத்த தவணை. எங்கள் சான்றிதழ் ஒரு கையெழுத்துக்காக மேசை மேசையாக அலைந்தது. ஐந்து மாதம் ஒரு பைசா வரவில்லை. அடிவாரத்து மெஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டே சோறு போட்டார். காலையில் பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போய், சில்வர் ஓக் இலைகளைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டு இறங்குவேன், மெஸ்காரர் கண்ணில் படாமல் அறைக்குள் போய்விட முடியுமா என்று பார்ப்பேன். கடைசியில் ஐந்து மாதப் பணமும் ஒரே நாளில் வந்தது. அன்றைக்கு நான் நடந்துபோன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உங்களுக்கும் இப்படி நேரலாம், முதல் மூன்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.

பிஎச்.டி. விஷயம். திட்டத்தில் சேர்வதும் பிஎச்.டி.க்குப் பதிவதும் வேறு வேறு. பேராசிரியர் 'பார்த்துக்கொள்ளலாம்' என்றால், எந்தப் பருவத்தில் என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்கு மூன்று வருடமாவது வேண்டும். திட்டத்தில் மிச்சம் இருப்பதோ அதைவிடக் குறைவாக இருக்கலாம். நீங்கள் மலையேறிச் சேர்க்கும் தரவில் கட்டுரை வந்தால் உங்கள் பெயர் அதில் இருக்குமா என்பதையும் இப்போதே, சிரித்த முகமாகவே, கேட்டுவிடுங்கள்.

நெட்டை விடாதீர்கள். தேறினால் இதே வேலைக்கு 37,000. 2024 முதல், நெட்டில் மேலிடம் பெறுகிறவர்களுக்கான ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களும் நெட் மதிப்பெண்ணை வைத்து பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

சரி, சேரலாமா? சேருங்கள். பள்ளி வேலை அடுத்த ஜூனிலும் கிடைக்கும். ஒரு மலையின் மரங்களை மாதா மாதம் போய்ப் பார்க்க இன்னொரு முறை யாரும் 30,000 ரூபாய் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். ஒரு வருடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம் என்றால் மட்டும் யோசியுங்கள். அப்போது இது பிஎச்.டி.க்கான வழி இல்லை, நெட் படிக்க உதவும் சம்பளம், அவ்வளவுதான்.

பணி ஆணையில் நிதி ஒதுக்கிய தேதி இல்லையென்றால் பேராசிரியரிடமே கேளுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள், மாதத்தை எண்ணிப் பார்ப்போம்.