ஓடிய தூரத்துக்கு வரி: ஓடோமீட்டரா, ஜிபிஎஸ்ஸா? கேள்வி பதில்

எரிபொருள் வரிக்குப் பதிலாக ஓடிய தூரத்துக்குக் காசு வாங்கும் திட்டங்கள், தூரத்தை அளக்கும் கருவிகள், அவை சேர்க்கும் தரவு, இவற்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தக் கட்சி சொல்வது சரி என்று கேட்டால் பதில் வராது.

கணக்குப்பிள்ளை: பெட்ரோல்லயே வரி வாங்கிடுறாங்களே, அது போதாதா? எதுக்கு இந்தப் புது வேலை?

எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெய் குடித்த காலத்தில் பெட்ரோல் வரியே தூர வரியாகத்தான் வேலை செய்தது. இப்போது ஒன்று 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கிறது, இன்னொன்று 4 லிட்டர், மின்வண்டி ஒரு சொட்டுக்கூட இல்லை. சாலையோ மூன்றுக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1919-இல் அந்த நாட்டில் முதன்முதலாகப் பெட்ரோல் வரி போட்ட மாநிலம் அது. விருப்பப்பட்டவர்கள் சேரும் மைல் கட்டணத்தை 2015 ஜூலையில் தொடங்கியதும் அதுதான். அங்கே ஒரு மைலுக்கான கட்டணம் என்பது ஒரு காலன் மீதான வரியில் 5 சதவீதம். 2024-இல் காலனுக்கு 40 சென்ட், ஆக மைலுக்கு 2 சென்ட். உங்கள் வண்டி காலனுக்கு 20 மைல் ஓடினால் இரண்டு வழியிலும் ஒரே தொகை. 40 மைல் ஓடினால் பெட்ரோல் பங்கிலேயே மைலுக்கு 1 சென்ட் கட்டிவிட்டீர்கள், அது கழிந்து மீதி 1 சென்ட். மின்வண்டிக்கு முழு 2 சென்ட். வரி ஏறினாலும் இறங்கினாலும் அந்த 20 மைல் கோடு நகராது. கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது.

பெட்ரோல் வரிக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அதை விரல்விட்டு எண்ணக்கூடிய மொத்த விநியோகஸ்தர்களிடம் வாங்கிவிடலாம். தூர வரிக்கு வண்டிக்கு ஒரு கணக்கு, ஒரு பில், ஒரு தகராறு. வசூல் செலவு பல மடங்கு. திட்டங்கள் தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டியகதவு: தூரத்தை அளக்கணும்னா ஜிபிஎஸ் இருந்தே ஆகணுமா? நான் எங்க போறேன்னு அரசாங்கத்துக்கு எதுக்குத் தெரியணும்?

ஜிபிஎஸ் கட்டாயமில்லை. எவ்வளவு தூரம் என்பது ஒரு தகவல், எங்கே என்பது வேறொரு தகவல்.

நியூசிலாந்தில் டீசல் வண்டிகள் 1978 முதல் தூரக் கட்டணம் கட்டுகின்றன, அதாவது ஜிபிஎஸ் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே. 1000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே வாங்க வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை காசு கட்டியிருக்கிறது என்று ஒரு சீட்டு முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், ஓடோமீட்டர் அந்த எண்ணைத் தாண்டியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மின்வண்டிகளும் 2024 ஏப்ரலில் சேர்க்கப்பட்டன, 1000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். கனரக வண்டிகளில் சக்கரத்தின் நடுக்குடத்திலேயே தூரம் எண்ணும் மீட்டர் பொருத்துவார்கள்.

ஐஸ்லாந்தில் 2024 தொடக்கத்திலிருந்து மின்வண்டிக்காரர்கள் ஓடோமீட்டர் எண்ணைத் தாங்களே இணையத்தில் பதிகிறார்கள். ஹவாயில் ஆண்டுப் பரிசோதனையின்போது எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், மின்வண்டிக்கு 1000 மைலுக்கு 8 டாலர், அல்லது வருடத்துக்கு மொத்தமாக 50 டாலர். இவை எதிலும் நீங்கள் எங்கே போனீர்கள் என்ற கேள்வியே எழவில்லை.

இடம் தேவைப்படுவது மூன்று நிலைமைகளில்தான்: எல்லை தாண்டி ஓடிய தூரத்தைக் கழிக்க வேண்டுமானால், சாலைக்குச் சாலை கட்டணம் மாறினால், நேரத்துக்கு நேரம் மாறினால். ஆகவே ஒரு திட்டம் அறிவித்தால் முதலில் கட்டண அட்டவணையைப் பாருங்கள். எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் ஒரே விலை என்று போட்டுவிட்டு, கூடவே இருப்பிடமும் கேட்டால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மின்வண்டி: கருவியைச் செருகி வெச்சா பேட்டரி இறங்குமா? எங்க செருகுறது?

தூரத்தை எண்ணி அனுப்பும் கருவியைத்தானே கேட்கிறீர்கள்? ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 பின் கொண்ட ஓபிடி போர்ட் (மெக்கானிக் வண்டியின் கோளாறு பார்க்கச் செருகும் இடம்) இருக்கும். அதில் 16-ஆவது பின்னுக்கு, சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கருவி தூங்கும்போது 20 மில்லியாம்ப் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி, 30 நாளில் 14.4. வண்டியின் சொந்த இழுவையும் சேரும். 60 ஆம்பியர்-மணி பழைய பேட்டரி என்றால் ஒரு மாதம் நின்ற வண்டி கிளம்பாமல் போகலாம். வெளியூர் போகுமுன் கழற்றலாம், ஆனால் கழற்றியது நிகழ்வாகப் பதிவாகும், பிறகு மோசடி எச்சரிக்கையாக வரும். முன்கூட்டியே கணக்கு நிறுவனத்துக்கு, அதாவது கருவி கொடுத்து பில் போடும் நிறுவனத்துக்கு, எழுத்தில் தெரிவியுங்கள்.

சில மின்வண்டிகளில் வழக்கமான ஓபிடி போர்ட்டே கிடையாது. அவற்றில் தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து எண்ணை எடுப்பார்கள், அல்லது ஓடோமீட்டர் படம் கேட்பார்கள். சர்வர் வழி என்றால் எந்தெந்தத் தகவலுக்கு அனுமதி கொடுக்கிறீர்கள் என்று திரையில் பட்டியல் வரும். ஓடோமீட்டர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்கை எல்லாம் எடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

டீசல்காரன்: டயர் தேஞ்சா தூரம் தப்பா காட்டும்னு மெக்கானிக் சொல்றார். உண்மையா?

உண்மை. 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மி.மீ. புதிதில் 8 மி.மீ. பட்டன், தேய்ந்து 1.6-க்கு வந்தால் விட்டம் 12.8 மி.மீ. குறைகிறது, அதாவது 2 சதவீதம். சின்ன சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், ஓடோமீட்டர் அதிகம் காட்டும். 10,000 கிலோமீட்டர் ஓடியதை 10,200 என்று எண்ணும். நியூசிலாந்துக் கட்டணத்தில் அந்த 200-க்கு 15 டாலர் சொச்சம். பெரிய டயர் போட்டால் தலைகீழ். ஜிபிஎஸ்ஸும் யோக்கியமில்லை: சிக்னலில் நிற்கும்போது புள்ளி அங்குமிங்கும் ஆடும், மோசமான மென்பொருள் அந்த ஆட்டத்தையும் தூரமாகக் கூட்டிவிடும்.

புதுலைசென்ஸ்: சார், ஜிபிஎஸ் இல்லாம இதைச் செய்ய முடியாதா?

பூட்டியகதவுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

சட்டம்படிப்பவர்: ஓரிகனில் 30 நாளில் இருப்பிடத் தரவை அழித்துவிடுகிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை என்ன?

30 நாள் எதிலிருந்து என்று பாருங்கள். பயணம் செய்த நாளிலிருந்து இல்லை. பணம் கட்டி முடித்தது, தகராறு தீர்ந்தது, விதிமீறல் விசாரணை முடிந்தது, இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. பில்லைப் பற்றி நீங்களே ஒரு புகார் போட்டால், அது தீரும் வரை உங்கள் பயணப் பட்டியல் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, வண்டிச் சொந்தக்காரர் சம்மதித்தால் கணக்கு நிறுவனம் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். ஓட்டும் திறனுக்கு மதிப்பெண், பிள்ளைகள் வண்டி எல்லை தாண்டினால் அலாரம், பேட்டரி நலம் என்று இலவசமாகச் சில வசதிகள் கொடுப்பார்கள். சம்மதம் அந்த வழியாகத்தான் போகிறது. வரி கட்ட அவை எதுவும் தேவையில்லை. டிக்கை எடுங்கள்.

மூன்றாவது, காவல்துறை. தகுந்த காரணம் காட்டி வாங்கிய நீதிமன்ற உத்தரவு இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஜெர்மனியில் 2005-இல் தொடங்கிய லாரி சுங்கத்தில் கதவு இதைவிட இறுக்கம்: தரவைச் சுங்க வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம். என்ன தரவு சேர்கிறது என்பதோடு, வேறு வேலைக்கு எடுக்கத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒளிக்கஎன்னஇருக்கு: எல்லார் பாக்கெட்லயும் போன் இருக்கு, அது காட்டாததையா இந்தக் கருவி காட்டப்போகுது? சும்மா பயமுறுத்துறீங்க.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், அணைக்கலாம். வரிக் கருவியை அணைத்தால் மோசடி எச்சரிக்கை. போனின் இருப்பிடத் தரவையே போலீஸ் எடுக்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அதற்கு முன் 2012-இல், வண்டியில் ஜிபிஎஸ் ஒட்டிக் கண்காணிப்பதும் சோதனைதான் என்று சொன்னது. ஏற்கெனவே ஒரு ஓட்டை இருக்கிறது என்பதற்காக இன்னொன்று போடச் சொல்லாதீர்கள்.

ஒளிக்கஎன்னஇருக்கு: பேரை எடுத்துட்டு வெறும் புள்ளிகளை வெச்சா யாருன்னு எப்படித் தெரியும்?

தெரியும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். இடமும் நேரமும் சேர்ந்த 4 புள்ளிகள் போதும், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். இரவு நிற்கும் இடம் வீடு, பகலில் நிற்கும் இடம் வேலை. பெயர் எதற்கு?

பூட்டியகதவு: அதனாலதான் நான் ஜிபிஎஸ் இல்லாத கருவியை வாங்கிக்கிறேன். பிரச்சினை தீர்ந்துச்சு.

தீரவில்லை. அந்தக் கருவி தூரத்தை எப்படி எடுக்கிறது? புதிய வண்டிகளில் ஓடோமீட்டர் எண்ணையே ஓபிடி வழியாகக் கேட்கலாம். பழைய வண்டிகள் அதைத் தராது. அதனால் வேகத்தை நொடிக்கு நொடி வாங்கி, கூட்டித் தூரமாக்குவார்கள். அந்த வேகப் பட்டியலை அப்படியே சர்வருக்கு அனுப்பினால் கதை கந்தல். புறப்பட்ட இடம் தெரிந்தால், எங்கே வேகம் குறைந்தது, எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்று சாலை வரைபடத்தோடு பொருத்திப் போன வழியையே ஊகிக்க முடியும். ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் செய்து காட்டினார்கள். புறப்பட்ட இடம் பெரும்பாலும் பில்லில் இருக்கும் முகவரிதான்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது: கூட்டல் கருவிக்குள் நடக்கிறதா, சர்வரிலா? வெளியே போவது நாளுக்கு ஓர் எண்ணா, நொடிக்கு ஓர் எண்ணா?

சட்டம்படிப்பவர்: எல்லாக் கணக்கையும் கருவிக்குள்ளேயே முடித்து மொத்தத்தை மட்டும் அனுப்பலாமே? ஏன் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை?

இந்தப் பக்கத்தின் நல்ல கேள்வி இது. செய்யலாம். வரைபடமும் கட்டண அட்டவணையும் கருவிக்குள் இருக்கும், "மாநிலத்துக்கு உள்ளே 412 மைல், வெளியே 37" என்று மட்டும் வெளியே போகும். சிக்கல் பில் தப்பாக வந்தால் ஆரம்பிக்கிறது. அந்த 412-ஐ எப்படி மறுப்பீர்கள்? எதைக் காட்டி? மொத்தம் மட்டும் இருந்தால் உங்களுக்கும் ஆதாரம் இல்லை, தணிக்கையாளருக்கும் இல்லை. கருவியின் விலையும் ஏறும், அட்டவணை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு வண்டியிலும் புதுப்பிக்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. விவரப் பட்டியல் கருவிக்குள் பூட்டியிருக்கட்டும், சாவி சொந்தக்காரரிடம் மட்டும். தகராறு வந்தால் சர்ச்சைக்குரிய நாட்களை மட்டும் அவரே திறந்து காட்டுவார். செலவு அதிகம், டெண்டரில் கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

ஒளிக்கஎன்னஇருக்கு: இவ்வளவு சிக்கலுக்கு பேசாம மின்வண்டிக்கு வருஷம் ஒரு தொகைன்னு போட்டுடலாமே.

போடலாம், பல இடங்களில் அப்படித்தான். தரவே வேண்டாம் என்றால் அதுதான் வழி. மாதம் 200 கிலோமீட்டர் ஓட்டுபவரும் 4000 ஓட்டுபவரும் ஒரே தொகை கட்டுவார்கள், அவ்வளவுதான்.

லாரிஷெட்: கார்காரங்க புலம்பலை விடுங்க. ரோட்டைக் கெடுக்குறது நாங்கதான்னு எல்லாரும் சொல்றாங்களே, எவ்வளவு நிஜம்?

நிறைய. 1950-களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே தனிச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த கணக்கு: சேதம், சக்கர அச்சின் மீதுள்ள பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 1 டன் அச்சையும் 10 டன் அச்சையும் ஒப்பிட்டால் 10,000 மடங்கு. இது தோராய விதி, தளத்துக்குத் தளம் மாறும். ஆனால் பாரத்தைப் பார்க்காத தூர வரி கனரக வண்டிக்குச் சலுகைதான். சுவிட்சர்லாந்து 2001 முதல் லாரிக்கு தூரம், எடை, புகை மூன்றையும் பெருக்கி வாங்குகிறது. எடையை அதிக அச்சுகளில் பரப்பினால் சேதம் குறையும், நியூசிலாந்துக் கட்டணத்தில் அச்சு எண்ணிக்கைக்கும் இடம் உண்டு.

கிராமத்துரோடு: தோட்டத்துக்குள்ள ஓட்டுற தூரத்துக்கும் வரியா?

நியூசிலாந்தில் பொதுச் சாலைக்கு வெளியே ஓடியதற்குப் பணம் திரும்பக் கேட்கலாம். தேதி, புறப்பட்ட எண், முடிந்த எண், எதற்காக, நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். வருடக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டு தணிக்கையில் நிற்காது.

மைல்கல்: ஓடோமீட்டரைத் திருப்பி வெச்சா?

தூரம் மீட்டரில் மட்டும் இல்லை. பல வண்டிகளில் பிரேக், கியர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும், சில வண்டிகளில் சாவிக்குள்ளும் பதிவாகிறது. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் சர்வீஸ் மையத்திலேயே தெரிந்துவிடும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

நாலுவழிச்சாலை: இந்தியாவுல சேட்டிலைட் டோல்னு சொன்னாங்களே, அதுவும் இதுதானா?

இல்லை, அது தேசிய நெடுஞ்சாலைச் சுங்கம். 2024 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது, அந்தக் கருவி உள்ள வண்டிக்கு ஒரு திசையில் நாளுக்கு 20 கிலோமீட்டர் வரை கட்டணமில்லை என்றார்கள். 2025 மே 1 முதல் நாடு முழுவதும் வருகிறது என்று பரவிய செய்தியை அமைச்சகமே மறுத்தது. ஃபாஸ்டேக் கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள்.

சட்டம்படிப்பவர்: மாநில அரசு இதைப் போட முடியுமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 2021-இல் மின்வண்டிக்கு கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் போட்டது. அது மத்திய அரசு மட்டுமே போடக்கூடிய வரி என்று 2023 அக்டோபரில் அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அடித்துவிட்டது.

பயணி7: ஜிபிஎஸ் கட்டாயமா?

மூன்றாவது தடவை. இல்லை.

பழையவண்டி: ஏற்கனவே இந்தத் திட்டத்துல இருக்கிற காரை வாங்குறேன். என்ன பார்க்கணும்?

முந்தைய ஓனரின் பாக்கி உங்கள் தலையில் விழாமல் பாருங்கள். சாவி கைமாறும்போது, வண்டியின் பதிவெண்ணோடு ஒரு படம், ஓடோமீட்டரோடு ஒரு படம், அந்த எண்ணை விற்பனைச் சீட்டிலும் எழுதி இருவரும் கையெழுத்து. நியூசிலாந்து மாதிரி முன்பணத் திட்டம் என்றால் சீட்டில் உள்ள கடைசி எண்ணுக்கும் ஓடோமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை விலையில் பேசுங்கள். ஓபிடி கருவி செருகியிருந்தால் விற்பவர் தன் கணக்கை மூடி அதைக் கழற்றித் திருப்பி அனுப்பட்டும். அப்படியே விட்டுவிட்டால் உங்கள் பயணங்கள் அவர் கணக்கில் ஏறும், அவருடைய செயலியில் வரைபடமாகத் தெரியும். கார் நிறுவனத்தின் செயலியிலும் அவர் பெயர் நீங்கியதா என்று காரின் திரையில் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். புதுக் கணக்கு தொடங்கும்போது, டிக்குகளை மறக்காதீர்கள்.