இன்றேல், ஏன்? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நம்முடைய கிழக்கிலங்கை எம்பிமார் பாராளுமன்றத்தில் அமைச்சர்களிடம் கேட்கும் கேள்விகள். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி (செங்கலடி): எங்கள் எம்பி சபையில் எங்கள் வீதியைப் பற்றிப் பேசிய வீடியோ முகநூலில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வீதி அப்படியே கிடக்கிறது. கேட்டு என்ன பயன்?

பதில்: தம்பி, அந்த வீடியோவில் இருப்பது கேள்வியா பேச்சா என்று முதலில் பாருங்கள். விவாதத்தில் எழுந்து "எங்கள் வீதிகளைப் பாருங்கள், குளங்களைப் பாருங்கள்" என்று எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அதற்கு அமைச்சர் அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நமக்குக் கைத்தொலைபேசியில் வருவதில் பெரும்பாலானவை இந்த வகைதான். வாய்மூல விடைக்கான வினா என்று ஒன்று இருக்கிறது, அது வேறு. அதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். சபையின் அன்றைய நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். காலை 9.30க்குச் சபை கூடி ஆரம்ப வேலைகள் முடிந்ததும் அந்த உறுப்பினரின் பெயர் கூப்பிடப்படும், சம்பந்தப்பட்ட அமைச்சரோ அவருக்குப் பதிலாக இன்னொருவரோ எழுந்து நிற்க வேண்டும். அந்த வினா எழுதப்படும் முறையே தனி. (அ), (ஆ), (இ) என்று பிரித்து, இன்ன வீதி இத்தனை வருடமாகப் பழுதடைந்திருப்பதை அவர் அறிவாரா, அதற்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எந்தத் திகதியில் வேலை தொடங்கும் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் "இன்றேல், ஏன்?" (இல்லையென்றால், ஏன் இல்லை?) என்று முடியும். பாராளுமன்றத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு சொற்கள் அவை.

பயன் என்ன என்று கேட்டீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் வாய்க்காலில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. விதைப்புக்கு முன் திருத்தித் தாருங்கள் என்று விவசாயிகள் கொடுத்த கடிதங்கள் ஓர் அலுவலகத்தில் போய் அப்படியே படுத்துவிட்டன, கேட்டால் "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். ஒரு நாள் பின்னேரம் நாலைந்து பேர் வரம்பில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து இறங்கி, வணக்கம்கூடச் சொல்லாமல் அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் தந்து "ஐயா, கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்றார். சப்பாத்தோடேயே சேற்றில் இறங்கி அகலம், உயரம், உடைந்த பக்கத்தின் நீளம் எல்லாம் அளந்து உள்ளங்கையில் பேனையால் எழுதினார். என்ன அவசரம் என்று கேட்டேன். "பாராளுமன்றத்தில் கேள்வி வந்திருக்கு, நாளைக்குள்ள பதில் போகணுமாம்" என்றார். அந்தப் போகத்துக்கு மதகு கட்டப்படவில்லை, அடுத்த போகத்துக்குத்தான் கட்டினார்கள், அதுவரை எங்களுக்குப் பட்ட நட்டம் பட்டதுதான். ஆனாலும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், பாராளுமன்றக் கட்டடத்துக்குள் கொடுத்த ஒரு தாள், அமைச்சு, திணைக்களத் தலைமையகம், மாவட்ட அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி எங்கள் வரம்பு வரைக்கும் வந்து சேர்ந்ததை அன்றைக்குப் பார்த்தேன். எங்கள் கடிதங்களால் ஆகாதது அது. ஆகவே உங்கள் எம்பியிடம் கேளுங்கள் தம்பி, "பேசினீர்கள், நன்றி, வினாவாகக் கொடுத்தீர்களா, அதன் இலக்கம் என்ன?" என்று.

கேள்வி (மண்டூர்): வாவிக்கு அக்கரையிலுள்ள குருமண்வெளிக்குப் போக இன்னும் பாதையைத்தான் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையை) நம்பியிருக்கிறோம். பாலம் வேண்டும் என்று பலரும் சபையில் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில். எப்படிக் கேட்டால் உருப்படியான பதில் வரும்?

பதில்: அந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று நானும் பலமுறை அக்கரை போயிருக்கிறேன் அக்கா, வாவியில் வெள்ளம் ஏறினால் அதுவும் ஓடாது, அந்த நாளில் படுவான்கரையில் (வாவியின் மேற்குக் கரையில்) ஒருவருக்கு வருத்தம் வந்தால் மட்டக்களப்புக்குக் கொண்டுபோக எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாழ்க்கை எப்படி மாறியது என்று பார்த்தோம், அதனால்தான் மண்டூர் மக்களின் ஏக்கம் இன்னும் கூடியிருக்கிறது.

"பாலம் கட்டப்படுமா?" என்று கேட்டால் "பரிசீலிக்கப்படும்" என்ற பதில் வரத்தான் செய்யும், கேள்வியே அதற்கு இடம் கொடுக்கிறது. இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த இடத்தில் பாலம் அமைப்பதற்குச் சாத்தியவள அறிக்கை தயாரிக்கப்பட்டுள்ளதா, எந்த ஆண்டில், யாரால்? மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு? அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பின் கீழ் அது சேர்க்கப்பட்டுள்ளது? பாலம் வரும்வரை பாதையில் உயிர்காப்பு அங்கிகள் எத்தனை, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? அறிக்கை இல்லை என்றால் இல்லை என்று அமைச்சர் ஹன்சாட்டில் (சபையில் பேசப்படுவதன் அதிகாரபூர்வப் பதிவில்) பதிய வேண்டி வரும். அந்த "இல்லை"யும் நமக்கு உதவும். அடுத்த மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து, இல்லாத அறிக்கையை எப்போது செய்யப்போகிறீர்கள் என்று கேட்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாதைக்கு இரண்டு பக்கமும் போக வரச் சனம் எவ்வளவு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை நாள் ஓடவில்லை என்ற கணக்கை எம்பி தானாகத் தேட மாட்டார். அதை நீங்கள் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கரையில் ஒரு பொடியனை இருத்தி எண்ணச் செய்தாலே போதும்.

கேள்வி (நிந்தவூர்): எங்கள் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. ஒலுவில் துறைமுகம் வந்த பிறகுதான் இந்த நிலை. ஓர் அமைச்சரைக் கேட்டால் இன்னொரு அமைச்சரைக் காட்டுகிறார். யாரிடம்தான் கேட்பது?

பதில்: நானா, இது மிகவும் நியாயமான கோபம். 2013இல் ஒலுவில் துறைமுகத்தைத் திறந்தார்கள். வாயில் மணல் அடைத்துக்கொள்கிறது, படகுகளுக்கு உள்ளே வரமுடியவில்லை, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்து, தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போகின்றன. துறைமுகம் என்றால் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சர், படகு என்றால் கடற்றொழில் அமைச்சர், அரிப்பு என்றால் கரையோரம் பேணல் திணைக்களம் எந்த அமைச்சின் கீழ் இருக்கிறதோ அந்த அமைச்சர். கடலுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது, மணல் ஒரு பக்கம் குவிந்தால் மறு பக்கம் குறையும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரே நாளில் மூன்று அமைச்சர்களுக்கும் மூன்று வினாக்கள் கொடுக்க வேண்டும். திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டத்துக்கு ஏழு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மூன்று கட்சிக்காரர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் எந்த அமைச்சரும் மற்றவர் பக்கம் கையைக் காட்டித் தப்ப முடியாது, மூன்று பதிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கட்சித் தலைவர் ஒருவர் மனம் வைத்தால் சபையை நடத்தும் விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2)இன் கீழ் பொது முக்கியத்துவமுள்ள அவசர விடயமாகவும் எழுப்பலாம். கடலரிப்புக்குத் தமிழர் வளவு, முஸ்லிம் வளவு என்ற வேறுபாடு இல்லை. இந்த ஒரு விஷயத்திலாவது எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கேள்வி (கல்லாறு, உயர்தர மாணவி): தமிழில் கேள்வி கேட்டால் அமைச்சருக்கு விளங்குமா? பதிலை நாங்கள் எப்படி வாசிப்பது?

பதில்: விளங்கும் தங்கச்சி. உறுப்பினர் தமிழில் பேசுவது அரசியலமைப்பு தந்த உரிமை, சபையில் மூன்று மொழிக்கும் உடனடி மொழிபெயர்ப்பு இருக்கிறது. பேச்சு எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலேயே ஹன்சாட்டில் அச்சாகும் என்பதால் அமைச்சர் சிங்களத்தில் சொன்னது சிங்களத்தில்தான் இருக்கும். ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கிறது. சிங்களம் படிக்கும் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து உங்கள் ஊரைப் பற்றிய ஒரு பதிலைத் தமிழாக்கி நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அதை வாசிக்க வருகிறவர்களைப் பார்த்தாலே உங்களுக்கு மேலும் செய்ய ஆசை வரும்.

கேள்வி (சித்தாண்டி): மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை பற்றிக் கேட்காத எம்பி இல்லை. இன்னும் கேட்க என்ன இருக்கிறது?

பதில்: 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்ததை நான் போய்ப் பார்த்தேன். வயல் விதைக்கும் காலத்தில் மாடுகளை அங்கே கொண்டுபோகாமல் வேறு எங்கே கொண்டுபோவது என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் அதே நிலத்தில் பயிர் செய்ய, மாடுகள் வெட்டுக் காயத்தோடு திரும்பி வந்தன.

கேட்க இன்னும் இருக்கிறது. அந்த நிலம் மகாவலி அதிகார சபையின் கையில் இருப்பதால் மகாவலிக்குப் பொறுப்பான அமைச்சரிடம்தான் முதலில் போக வேண்டும், கால்நடை அமைச்சரிடம் கேட்டால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும். மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவிப்பதற்கான வரைபடம் தயாரா, எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள்? இந்த மூன்றுக்கும் எண்ணும் திகதியும் வரும்வரை அதே வினாவைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். "இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள்" என்று அமைச்சர் தரப்பில் கேட்பது சபையில் வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு வாரம் முடியும் நாளை எம்பி மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது.

கேள்வி (திருக்கோவில்): எங்கள் பாடசாலைக் கட்டடம் பற்றி எம்பி கேட்டபோது "இது மாகாண சபைக்குரிய விடயம்" என்று முடித்துவிட்டார்கள். மாகாண சபையே இல்லையே?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன்பின் தேர்தல் வைக்கவில்லை, ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். ஆகவே மாகாணப் பாடசாலை, மாகாண வீதி, உங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலை ஆகியவற்றுக்கு மக்கள் தெரிவு செய்த ஒருவர் எழுந்து கேட்கும் சபையே இப்போது இல்லை. இது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம், பாராளுமன்றத்தில் எத்தனை கேள்வி கேட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது. மாகாண சபைத் தேர்தல் எப்போது என்பதையே உங்கள் எம்பி முதல் வினாவாகக் கேட்கட்டும்.

அதற்கிடையில் நீங்களே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்துக்கோ மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கோ தமிழிலேயே எழுதுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. வந்த பதிலை எம்பியிடம் கொடுத்தால் அடுத்த வினாவுக்கு அவர் கையில் ஆதாரம் இருக்கும்.

கேள்வி (காரைதீவு): மழை தொடங்கும்போதெல்லாம் மாவடிப்பள்ளிப் பக்கம் பார்க்கவே பயமாக இருக்கிறது. இதைப் பற்றியும் எழுதுங்கள்.

பதில்: 2024 நவம்பர் வெள்ளத்தில் அங்கே உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மத்ரஸாப் பிள்ளைகளை நினைக்காமல் அந்த வீதியால் போக என்னால் முடிவதில்லை. அந்த வாரம் எல்லோரும் சபையில் பேசினார்கள். கேட்க வேண்டியது மழைக்கு முன், ஓகஸ்டில், செப்டெம்பரில்: தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் வீதி மூடப்படும், மூடும் அதிகாரம் யாருக்கு, மாற்று வாகனம் எங்கே நிற்கும்? இதை எழுதி உங்கள் மாவட்டத்தின் ஏழு உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். விகிதாசார முறையில் அந்த ஏழு பேருமே உங்கள் எம்பிதான், நீங்கள் யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்று யாரும் கேட்க முடியாது.

கேள்வி (வெல்லாவெளி): எனக்கு எழுபது வயது. யானை வந்து மரவள்ளியையும் வாழையையும் முடித்துவிட்டது, பக்கத்து வீட்டுச் சுவரும் போயிற்று. மின்வேலி பற்றி யாரிடம் சொன்னாலும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். என்னைப் போன்றவர் என்ன செய்வது?

பதில்: ஐயா, ஒரு கொப்பி வாங்குங்கள். யானை வந்த திகதி, நேரம், எந்தப் பக்கத்தால் வந்தது, வேலியில் அன்றைக்கு மின்சாரம் இருந்ததா, என்ன சேதம், கிராம உத்தியோகத்தருக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் எப்போது அறிவித்தீர்கள், அவர்கள் எப்போது வந்தார்கள், இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் எழுதுங்கள். எழுதக் கஷ்டம் என்றால் பேரப்பிள்ளை எழுதட்டும். அயல் வீட்டாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் அதைப் பிரதி எடுத்து எம்பி ஒருவரிடம் நேரில் கொடுத்து, வனஜீவராசிகள் அமைச்சருக்கு வினாவாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பொதுமனுவாகப் பாராளுமன்றத்துக்கு அனுப்புவதென்றாலும் ஓர் உறுப்பினர் மூலமாகத்தான் போக வேண்டும், அதையும் அன்றைக்கே கேட்டு வையுங்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள் ஐயா. வினா எந்தத் திகதியில் ஒழுங்குப் பத்திரத்தில் வருகிறது என்று பார்த்து, அமைச்சர் சொன்ன பதிலை இதே பக்கத்தில் தமிழில் போடுகிறேன்.