ரெவென்யூ பாண்டுக்கு அடமானம் டோல்கேட் கல்லாதான்

கேள்வி இது: மாநில அரசின் கேரண்டிகூட இல்லாமல் 'ரெவென்யூ பாண்ட்' (திட்டத்தில் வரும் வசூலிலிருந்தே திருப்பித் தரும் கடன் பத்திரம்) வெளியிட்டு ரோடும் பாலமும் போடுகிறார்களே, அதை நம்பி யார் பணம் தருகிறார்கள்?

மதுரைக்காரன் என்பதால் எங்கள் ரிங் ரோட்டை வைத்தே சொல்கிறேன். மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர். மாநகராட்சி இதை முதலில் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனில்தான் போட்டது. அந்த வட்டிச் சுமையைக் குறைக்க 2001-இல் 30 கோடி ரூபாய்க்கு, 12.25 சதவீத வட்டியில் பத்திரம் வெளியிட்டார்கள். மாநில அரசு ஜாமீன் நிற்கவில்லை. பத்திரம் வாங்கியவர்கள் நம்பியது ரோட்டில் வசூலாகும் டோலை.

அப்போது வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பா, டோல்கேட்டில் சில்லறையை நீட்டிவிட்டு ஒருநாள் கேட்டார்: "ரோடுதான் போட்டாச்சே, இந்தக் காசு எங்கடா போகுது?"

நல்ல கேள்வி. பொதுக் கணக்கில் விழுந்தால் சம்பளம், குப்பை லாரி டீசல் என்று கரைந்துவிடும். அதனால் இந்த மாதிரிப் பத்திரங்களில் வசூலைத் தனியாக எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேறு செலவுக்குத் தொட முடியாத கணக்கில், போடச் சொல்வார்கள். வட்டியும் அசல் தவணையும் எடுத்த பிறகு மிச்சம்தான் மாநகராட்சி கைக்கு. அமெரிக்காவில் பெரும்பாலும் பராமரிப்புச் செலவை முதலில் எடுப்பார்கள். குண்டும் குழியுமான ரோட்டுக்கு வண்டி வராது, வண்டி வராவிட்டால் வட்டி ஏது? வருடத் தவணை 100 ரூபாய் என்றால் 125 ரூபாயாவது வசூலாகும்படி கட்டணம் வைப்போம் என்று எழுதிக் கொடுப்பதும் உண்டு. டோல் ஏறும்போது நாம் திட்டுகிறோம். பல நேரம் அது அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு.

சரி, வசூலே இல்லாவிட்டால்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பொதுத்துறை மின் அமைப்பு, ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டப் பத்திரம் விற்றது. செலவு எகிறிப்போய் 4, 5-ஆம் நிலையங்களை 1982-இல் பாதியிலேயே கைவிட்டார்கள். மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கட்டுவோம் என்று ஊர் மின்வாரியங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. அப்படி ஒப்புக்கொள்ள அவற்றுக்கு அதிகாரமே கிடையாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1983-இல் சொல்லிவிட்டது. 225 கோடி டாலர் பத்திரங்கள் முழுகின. அந்த அமைப்பின் WPPSS என்ற சுருக்கப் பெயரை 'வூப்ஸ்' ('அடடா, தப்பாப்போச்சே!') என்று படித்து ஊரே சிரித்தது, பணம் போட்டவர்களைத் தவிர. அரசின் வரிப்பணத்தில் அவர்கள் கை வைக்க வழியில்லை. எழுதிக் கொடுத்த வருமானம் மட்டும்தான் அடமானம், அதுவோ கட்டி முடிக்காத நிலையத்தின் மின்கட்டணம்.