மறு: டெபியன் 11-இல் 'டம்மி அவுட்புட்' மட்டும்தான் காட்டுகிறது

வணக்கம் நண்பரே. டெபியன் 11 (லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் மடிக்கணினியின் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, 'டம்மி அவுட்புட்' (ஒலி கார்டு கிடைக்காதபோது காட்டும் போலி வெளியீடு) என்றே காட்டுகிறது, யுஎஸ்பி ஹெட்செட்டில் மட்டும் பாட்டு கேட்கிறது என்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஹெட்செட்டில் கேட்கிறது என்றால் பல்ஸ்ஆடியோ (ஒலியைக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அதை அழித்து மறுபடி நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள். (நான் நான்கு முறை வீணாக்கியிருக்கிறேன்.)

டெர்மினலில் ரூட்டாக (நிர்வாகி உரிமையுடன்) கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'dmesg' கட்டளையை ஓட்டி, 'சோஃப்' (sof, இன்டெல் ஒலிச் சிப்புக்கான ஃபர்ம்வேர்) என்று வரும் வரிகளைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) ஏறவில்லை என்று சொல்லி, கடைசியில் -2 என்று நின்றால், அந்தக் கோப்பே வட்டில் இல்லை என்று பொருள். புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லாமல் ஒலி வராது. டெபியன் 11 அதை 'நான்-ஃப்ரீ' (கட்டற்ற உரிமம் இல்லாத மென்பொருள்களுக்கான) களஞ்சியத்தில் தனியாக வைத்திருக்கிறது. 2023-இல் வந்த 12-இல்தான் இத்தகைய ஃபர்ம்வேர்களை நிறுவும் வட்டிலேயே சேர்த்தார்கள்.

சரி, சினாப்டிக்கில் (மென்பொருள் நிறுவும் செயலி) களஞ்சியப் பட்டியலைத் திறந்து நான்-ஃப்ரீயை டிக் செய்யுங்கள். 'ரீலோட்' அழுத்தி, 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு' (firmware-sof-signed) என்ற பொதியை நிறுவி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறமும் சத்தம் வராவிட்டால் டெர்மினலில் ஆல்சாமிக்சரை (alsamixer, ஒலி அளவைச் சரிசெய்யும் நிரல்) திறந்து, எஃப்6 தட்டி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கர் பட்டைக்கு அடியில் 'எம்எம்' என்றிருந்தால் மியூட்டில் இருக்கிறது. எம் விசையை ஒருமுறை தட்டினால் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த -2 வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.