மண் கேள்விகள்: சூளைக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு மாடியில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டுக் கெட்டியாக்கும் மண்பாண்டம்) காபி கப் செய்து, ஒரு கடை மூலம் 250 ரூபாய்க்கு விற்கிறேன். கடைக்கு 40 சதவீதம் கமிஷன். சூளையில் 30 கப் வைத்தால் 24 தேறும். இப்படி அடுக்கும் ஒரு லோடுக்கு மண், கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் மேல்பூச்சு) 900, இரண்டு முறை சுட கரண்ட் 800, பேக்கிங் 600 ஆகிறது. ஆர்டருக்குக் குறைவில்லை, காசுதான் கையில் நிற்கவில்லை. பெரிய சூளை வாங்கினால் சரியாகுமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இப்போது வாங்காதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிய கணக்கையே போட்டுப் பார்த்தேன். கமிஷன் போக ஒரு கப்புக்கு 150 ரூபாய். 24 கப்புக்கு 3,600. செலவு 2,300 போனால் மிச்சம் 1,300. மண் பிசைந்து, வனைந்து, அடி செதுக்கி, கைப்பிடி ஒட்டி, கிளேஸில் முக்கியெடுக்க ஒரு கப்புக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். தேறாமல் போன ஆறுக்கும் அதே உழைப்புதான். ஆக, 15 மணி நேர வேலைக்கு மணிக்கு 90 ரூபாய்கூட வரவில்லை. பெரிய சூளை வந்தால் இதே கூலிக்கு இன்னும் அதிக நேரம் உழைப்பீர்கள்.

விலையை 400 ஆக்குங்கள். கமிஷன் போக 240, 24 கப்புக்கு 5,760. செலவு போனால் 3,460. அதில் 300 ரூபாயை ஒவ்வொரு லோடுக்கும் தனியே எடுத்து வையுங்கள். 1,200 டிகிரிக்கு மேல் திரும்பத் திரும்பச் சுட்டால் சூளையின் கம்பிச்சுருள் தேய்ந்து ஒருநாள் அறுந்தே தீரும். அன்று கடன் வாங்கும்படி ஆகக் கூடாது. வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கும் அதே 400தான். அங்கே குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் உங்கள் சரக்கை எடுக்க யோசிப்பார்.

இன்னொன்று. கப்புகளுக்கு நடுவே சூளைத் தட்டில் காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கரண்ட் கட்டுகிறீர்கள். ஊதுபத்தி ஸ்டாண்ட், உப்புக் கிண்ணம், மோதிரத் தட்டு என்று சின்னச் சின்னதாகச் செய்து அந்தச் சந்துகளில் வையுங்கள். என் ஸ்டுடியோவில் இவை இல்லாமல் சூளைக் கதவைச் சாத்தவே மாட்டேன்.

விலை ஏற்றினால் சிலர் போய்விடுவார்கள். போகட்டும். கைவேலைக்குக் கூலி கேட்க நாம் கூச்சப்படவே கூடாது. புது விலையில் ஆறு மாதம் விற்றுவிட்டுப் பெரிய சூளையைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் மின்வாரிய அலுவலகத்தில் வீட்டு இணைப்பின் மின்சுமையை உயர்த்துவதையும், அந்த இணைப்பில் தொழில் செய்யலாமா என்பதையும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: கைப்பிடி ஒட்டிய இடத்தில் மட்டும் விரிசல் விடுகிறதே, ஏன்?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: கைப்பிடி மெல்லியது, சீக்கிரம் காயும், கப்பின் உடம்பு மெதுவாகக் காயும். ஒன்று சுருங்கி முடிக்கும்போது மற்றது இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். இழுபடுவது ஒட்டுதான். இரண்டும் ஒரே ஈரத்தில், செருப்புத் தோல் பதத்தில் இருக்கும்போது இரு பக்கமும் கீறி, மண் குழம்பு தடவி ஒட்டுங்கள். அன்று முழுக்க பிளாஸ்டிக் தாள் மூடி இருக்கட்டும். மின்விசிறிக் காற்று ஆகவே ஆகாது.

கேள்வி: டெரகோட்டா ஜாடிக்குள் பளபளப்பான கிளேஸ் பூசி, ஊறுகாய் போட விற்கலாமா?
- ஒரு வாசகி, மானாமதுரை

பதில்: எதில் செய்த கிளேஸ் என்று தெரியாமல் விற்காதீர்கள். குறைந்த சூட்டில் உருகுவதற்காக ஈயம் சேர்த்த கிளேஸ்களும் உண்டு. ஊறுகாயின் புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் இறக்கிவிடும். எலுமிச்சைத் துண்டை ஓரிரவு கிளேஸ் மேல் வைத்துப் பாருங்கள். நிறம் மங்கினால் அந்தக் கிளேஸ் உணவுக்கு ஆகாது. மங்கவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஆய்வகத்தில் கொடுத்து ஈயம், காட்மியம் கசிகிறதா என்று பார்த்த பிறகே விற்க வேண்டும். அதுவரை பூந்தொட்டி, விளக்கு என்று செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மண் தூசி பிரச்னையா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆமாம். களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கெடுதல். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த மண்ணைத் தேய்க்கும்போதும் பொடி கலக்கும்போதும் நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் வேலை உடுப்பை மாற்றிவிடுங்கள்.