கடன் அறிக்கை இலவசம்தான், கட்டணம் எதற்கு?

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிபில் பற்றியவை, அதாவது கடனை எப்படித் திருப்பிக் கட்டியிருக்கிறோம் என்பதை வைத்து நமக்குப் போடப்படும் ஸ்கோரையும் கடன் அறிக்கையையும் பற்றியவை. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் சிபில் ஸ்கோரைப் பார்த்துக்கொள்ளும்படி வங்கி மேலாளர் சொன்னார். கைப்பேசியில் தேடி, 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு தளத்தில் பான் எண்ணைக் கொடுத்தேன். ஸ்கோர் மட்டும் வந்தது. முழு அறிக்கைக்குப் பணம் கேட்டதால் கார்டில் கட்டினேன். அடுத்த மாதமும் அதே தொகையைப் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டுமா? அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறையும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?
— வாசகி, திருப்பூர்

பதில்: பணம் கட்டத் தேவையில்லை. நம் நாட்டில் ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்கும், வங்கிகள் அனுப்பும் கடன் விவரங்களைத் தொகுத்து அறிக்கையும் ஸ்கோரும் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில் என்பதால் எல்லா ஸ்கோரையும் 'சிபில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த நான்கு நிறுவனங்களும், கேட்கும் ஒவ்வொருவருக்கும் காலண்டர் ஆண்டுக்கு ஒருமுறை, ஸ்கோருடன் கூடிய முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஆணை 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஜனவரி முதல் டிசம்பருக்குள் உங்களுக்கு நான்கு முழு அறிக்கைகள் உரிமையாகவே கிடைக்கும்.

இந்த இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தங்கள் தளத்தில் எளிதில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றும் 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அந்நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எனவே தேடலில் முதலில் வந்து நிற்கும் விளம்பரத்தைத் தொடாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள். அங்கும் ஓரிடத்தில் கவனம் தேவை. பதிவு செய்து முடிக்கும் தறுவாயில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று திட்டங்கள் திரையை நிறைத்து வரலாம். அவற்றை வேண்டாம் என்று தள்ளுவதற்கான வரி, பல நேரங்களில் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். அதைத் தேடி அழுத்தினால் இலவச அறிக்கைக்குப் போய்விடலாம். இலவச அறிக்கைக்காகக் கார்டு எண்ணோ யு.பி.ஐ. பின்னோ கேட்டால், நீங்கள் சந்தாப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சந்தா விற்பது சட்டவிரோதம் அன்று. ஆனால் அதில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஆண்டில் பலமுறை அறிக்கையைப் பார்க்கும் வசதியும் மாற்றங்கள் பற்றிய எச்சரிக்கைச் செய்திகளும்தான். வங்கி ஏதேனும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், உங்கள் எண்ணோ மின்னஞ்சலோ பதிவில் இருக்கும்பட்சத்தில், கடன் தகவல் நிறுவனம் உங்களுக்குச் செய்தி அனுப்பியாக வேண்டும் என்பது ஏற்கெனவே விதியாக இருக்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கடன் வாங்கலாமா என்று யோசிக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தச் சந்தா தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

'இலவசம்' என்று அழைத்துச் சந்தாவில் சேர்க்கும் இந்த வழக்கம் நம் ஊரில் தோன்றியதும் அன்று. இலவச அறிக்கை என்று விளம்பரம் செய்துவிட்டு, சந்தாவில் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்ற புகாரில், எக்ஸ்பீரியனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 2005-இல் சமரசம் செய்துகொண்டு 9,50,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

உங்கள் கணக்கில் தொடர்ந்து பணம் பிடிக்கப்படுவதை நிறுத்துவதுதான் இப்போது முதல் வேலை. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் மட்டும் அது நிற்காது. கார்டில் கட்டியிருந்தால் வங்கித் தளத்தில் 'இ-மேன்டேட்' பகுதிக்கும், யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்தச் செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்கும் சென்று அனுமதியை ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது விதி. அந்தத் தகவல் வரவில்லையென்றால் அதையும் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து, அதற்காக வங்கிகள் எடுத்துப் பார்க்கும்போதுதான் அது 'என்கொயரி' என்று பதிவாகும். குறுகிய காலத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பித்தால் ஸ்கோர் இறங்கலாம். இலவச ஸ்கோர் காட்டும் செயலிகளில் 'உங்களுக்குத் தயாராக உள்ள கடன்' என்ற பொத்தானைத் தொடுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் கிரெடிட் கார்டு பாக்கியை, வங்கி கேட்ட குறைந்த தொகையைக் கட்டி முடித்தேன். இப்போது அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருப்பதால் கடன் மறுக்கிறார்கள். 45 நாட்களில் அதை அழித்து ஸ்கோரை 750-க்கு மேல் கொண்டுவருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். பான், ஆதார் நகலுடன் ஓ.டி.பி.யும் தர வேண்டுமாம். நம்பலாமா?
— வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஓ.டி.பி.யை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பானும் ஆதாரும் ஓ.டி.பி.யும் ஒருவர் கையில் சேர்ந்துவிட்டால், உங்கள் பெயரில் செயலி வழியாகக் கடன் எடுப்பதற்குத் தேவையானதில் பெரும்பகுதி அவரிடம் இருக்கிறது.

அறிக்கையில் இருக்கும் விவரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இத்தகைய வாக்குறுதிகளின் வெறுமை விளங்கும். கடன் தகவல் நிறுவனம் எதையும் தானாக எழுதுவதில்லை. வங்கி அனுப்புவதையே பதிகிறது, வங்கி உறுதிசெய்யாமல் எதையும் மாற்றுவதுமில்லை. 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இதில் தனி வழி கிடையாது. உங்கள் பெயரில் உள்நுழைந்து அவர்கள் 'இந்த விவரம் தவறு' என்று ஒரு மறுப்பைப் பதிவு செய்வார்கள். விசாரணை முடியும் வரை அந்தக் கணக்கின் மேல் 'மறுப்பில் உள்ளது' என்ற குறிப்பு தோன்றும். அதையே முன்னேற்றம் என்று காட்டி மீதிப் பணத்தை வாங்கிவிடலாம். பதிவு உண்மையானதாக இருந்தால் வங்கி அதையே மீண்டும் உறுதிசெய்யும், பழைய நிலை திரும்பிவிடும்.

உங்கள் விஷயத்தில் பதிவு தவறானதன்று. முழுப் பாக்கிக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்தது என்பதைத்தான் 'செட்டில்டு' என்ற குறிப்பு சொல்கிறது. அன்று வங்கி விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதைக் கட்டினால் கணக்கை 'குளோஸ்டு', அதாவது முழுதும் கட்டி முடிந்தது, என்று மாற்றித் தருவார்களா என்பதையும் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெறுங்கள். பல வங்கிகள் ஒப்புக்கொள்கின்றன. கட்டிய பின், பாக்கி ஏதுமில்லை என்று சொல்லும் 'நோ டியூ' சான்றிதழைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 15,000 ரூபாய் இந்த வழியில் வங்கிக்குப் போனால் பாக்கியாவது குறையும்.

அறிக்கையில் மாத வாரியாகச் சிறு கட்டங்கள் இருப்பதையும் பாருங்கள். '000' என்றால் அந்த மாதத் தவணை உரிய நாளில் வந்தது. '030' என்றால் முப்பது நாள் தாமதம். 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்றால் வங்கி அந்த மாதத் தகவலை அனுப்பவில்லை. சிபில் அறிக்கையில் இக்கட்டங்கள் 36 மாதங்களுக்கு நீளும். உண்மையான தாமதங்களைப் பணம் கொடுத்து அழிக்க முடியாது. புதிய கட்டங்களில் '000' தொடர்ந்து விழ விழத்தான் ஸ்கோர் ஏறும். அதற்கு 45 நாள் போதாது, பொறுமை வேண்டும்.

கேள்வி: நான் வாங்காத தனிநபர் கடன் ஒன்று என் அறிக்கையில் இருக்கிறது. யாரிடம் முறையிடுவது? அதற்கு எவ்வளவு செலவாகும்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: செலவே இல்லை. அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில், அறிக்கையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறிப்பிட்டு மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அதே நாளில் கடன் கொடுத்ததாகக் காட்டப்பட்டுள்ள நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி, கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் நகலையும் பணம் எந்தக் கணக்குக்குச் சென்றது என்ற விவரத்தையும் கேளுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்த வேறொருவரின் கடன் உங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தால், அது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் எடுத்து அதே கடன் அங்கும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் ஒன்றில் திருத்தியதைக் கொண்டு மற்றவற்றிலும் திருந்திவிட்டதாக எண்ணிவிட முடியாது.

புகார் கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்த ஏற்பாடு, 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. திருத்திய தகவலை வங்கி 21 நாட்களுக்குள் அனுப்பாவிட்டால் இழப்பீட்டை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வங்கி அனுப்பியும் பதிவு மாறாவிட்டால் கடன் தகவல் நிறுவனம் தர வேண்டும். அதன் பிறகும் இழுத்தடித்தால், ஓம்புட்ஸ்மேன் எனப்படும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையத்தில் முறையிடலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. வக்கீலோ முகவரோ தேவையில்லை.

கேள்வி: தம்பியின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அது என் அறிக்கையில் வருமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வரும். ஜாமீன்தாரர் என்ற குறிப்புடன் அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் இடம்பெறும், தவணை தவறினால் உங்கள் ஸ்கோரையும் பாதிக்கும். உங்கள் இலவச அறிக்கைகள் நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்தால், தம்பி தவணையை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பது ஆண்டு முழுவதும் செலவின்றித் தெரிந்துகொண்டே இருக்கும்.